எண்ணெய் பூசாத கால்கள்

போன மாதம் பவித்ரா போன் செய்தாள். நான் வேலை பார்த்த ஆய்வு நிலையத்தில் எனக்குப் பிறகு சேர்ந்தவள். இப்போது வயல் ஆய்வுகளை அவள்தான் பொறுப்பாக நடத்துகிறாள்.

"அக்கா, மரக்காணம் பக்கத்துல மல்லாட்டைக்கு ட்ரோன்ல மருந்து அடிச்சு டெஸ்ட் பண்றோம். இனிமே யாரும் டேங்க்கை முதுகுல தூக்க வேணாம், கைல மருந்து படாது. உங்க காலத்துப் பயமெல்லாம் போச்சுக்கா. வந்து பாருங்க. எங்க பசங்களுக்கு உங்க அனுபவத்தையும் கொஞ்சம் சொல்லுங்க."

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் யோசித்தேன். மருந்து அடிக்கிறவனுக்கு ஆபத்து குறைந்திருக்கலாம், நல்லதுதான். ஆனால் மறுநாள் காலையில் அந்தச் செடிகளுக்கு நடுவில் குந்தி உட்கார்ந்து களை எடுக்கிறவளுக்கு மருந்து முதுகில் வந்தால் என்ன, வானத்தில் வந்தால் என்ன? இலையில் இருப்பது இலையில்தானே இருக்கிறது. என்னைப் பேசவிட்டால் கல்யாண வீட்டில் ஆரம்பித்துக் காய்கறிக் கடையில் முடிப்பேன் என்று வீட்டில் கேலி செய்வார்கள். அதனால் பவித்ராவின் பசங்களுக்குச் சொல்ல வேண்டியதை எழுதியே வைத்துவிடுகிறேன்.

முதலில் எங்கள் வேலை என்னவென்று சொல்லிவிட வேண்டும். என் சொந்தக்காரர்களுக்கே கடைசிவரை அது புரியவில்லை. "லூர்து மருந்துக் கம்பெனில இருக்கா" என்பார்கள். தலைவலி மாத்திரை ஓசியில் கிடைக்குமா என்று கேட்டு வந்தவர்களும் உண்டு. ஒரு பூச்சி மருந்தை ஒரு பயிருக்கு அடிக்கலாம் என்று அரசாங்கம் அனுமதி தருவதற்கு முன்னால், கம்பெனிக்காரர்கள் சில கணக்குகளைக் காட்ட வேண்டும். பூச்சி சாகிறதா, விளைச்சலில் மருந்து எவ்வளவு மிஞ்சுகிறது, வயலில் வேலை செய்கிற ஆள்மேல் எவ்வளவு படுகிறது. இந்த மூன்றாவதுதான் எங்கள் வேலை. நாங்கள் மருந்தை விற்கிறவர்களும் இல்லை, அனுமதி கொடுக்கிறவர்களும் இல்லை. அளந்து எழுதிக் கொடுப்போம். அதை வைத்துத்தான் மேலே இருக்கிறவர்கள் முடிவெடுப்பார்கள்.

எங்களோடு வேலைக்கு வந்த பெண்கள் எனக்கு வைத்த பேர் 'தையக்காரம்மா'. உடம்புக்கு அளவெடுத்து வெள்ளைச் சட்டை மாட்டி, சாயங்காலம் அதையே கத்தரியால் வெட்டுகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? "நல்ல துணியக் கண்டா இவளுக்குப் பொறுக்காதுடி" என்பாள் அஞ்சலை. அவளைப் பற்றித்தான் பின்னால் சொல்லப்போகிறேன்.

நான் பத்தாவதோடு நின்றவள். அந்த வேலைக்கு என்னைச் சேர்த்ததே ஒரு சின்னக் காரணத்துக்காக. ஆய்வுக்கு வருகிற பெண்களுக்கு உடை மாற்றிவிட ஒரு பெண் தேவைப்பட்டாள். உடை மாற்றிவிடப் போனவள் மெல்ல மெல்ல மாதிரி எடுக்கக் கற்றுக்கொண்டேன், தெளிப்பானைச் சரிபார்க்கக் கற்றுக்கொண்டேன், ஆங்கில லேபிளை எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொடுத்தது யாரென்று கேட்டால், பக்கத்தில் நிற்பவரின் கைதான். எல்லாவற்றையும் எட்டிப் பார்த்தே கற்றேன்.

எங்கள் தலைமை காதர் சார். கோட்டக்குப்பத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. தப்பு செய்தவனை அவர் திட்டமாட்டார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைக்க ஆரம்பிப்பார். அதைவிடத் திட்டினால் தேவலை என்று இருக்கும். யார் என்ன சேதி கொண்டுபோனாலும் அவர் ஒரே கேள்விதான் கேட்பார்.

"பாத்ததா, கேட்டதா, நெனச்சதா?"

இலையில் கருகல் இருக்கிறது சார் என்றால், பாத்ததா, கேட்டதா, நெனச்சதா? காற்று மாறி அடித்தது சார் என்றால், அதே கேள்வி. பார்த்ததைப் பார்த்ததாக, கேட்டதைக் கேட்டதாக, நினைத்ததை நினைத்ததாகச் சொல்ல வேண்டும். ஒன்றை இன்னொன்றோடு கலந்தால் கண்ணாடி கழன்றுவிடும். ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு வீட்டிலும் அதே பழக்கம் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுச் சண்டையைப் பற்றி மகள் ஏதாவது சொன்னால், நானே கேட்டுவிடுவேன்.

இனி அந்த மல்லாட்டை ஆய்வு. வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். பருத்திக்கு ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்த ஒரு பூச்சி மருந்து, அதை மல்லாட்டைக்கும் அடிக்க அனுமதி கேட்டார்கள். மருந்து அடித்த மறுநாளே வயலில் இறங்கிக் களை எடுக்கலாமா என்பதுதான் எங்களிடம் வந்த கேள்வி. உப்பளத்தை ஒட்டிய மேட்டு நிலம் ஒன்றில் ஆய்வு வைத்தோம். தை மாதம். களை எடுக்க வந்தவர்கள் எல்லோரும் உப்பளப் பெண்கள். மழைக்காலம் முடிந்து உப்புப் பாத்திகளைத் திரும்பத் தயார் பண்ணுகிற சமயம் அது. ஒரு நாள் உப்புத் தண்ணீரில் நின்று பாத்தி மிதிப்பார்கள். அந்த வேலை இல்லாத நாளில் மல்லாட்டைக் களைக்கு வருவார்கள். அதே கால்கள்தான் இரண்டுக்கும். குதிகால் பாளம் பாளமாக வெடித்திருக்கும். விரலிடுக்கில் தோல் உரிந்து சிவந்திருக்கும்.

ஆய்வு நாளில் விடியும்போதே கூடாரம் போட்டுவிடுவோம். செடிமேல் பனி இருக்கும்போதே களையெடுக்க இறங்குவார்கள் என்பதால், நாங்களும் அப்போதே தயாராக இருக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் துவைத்து உலர்த்திய வெள்ளைப் பருத்திச் சட்டை, கால்சட்டை. அதற்கு மேல் அவர்களுடைய சேலை. மருந்து சேலையைத் தாண்டி எவ்வளவு உள்ளே வருகிறது என்பதை அந்த வெள்ளைத் துணி பிடித்துக்கொள்ளும். உள்ளங்கைக்கும் பாதத்துக்கும் துணி கிடையாது, ஏனென்றால் அவர்கள் வெறுங்கையோடு, வெறுங்காலோடுதான் வேலை செய்வார்கள். வேலை முடிந்ததும் கையையும் காலையும் ஒரு திரவத்தால் கழுவி, அந்தத் திரவத்தைப் பாட்டிலில் பிடிப்போம். பிறகு வெள்ளைத் துணியைக் கழற்றி, சட்டைக்கை தனி, மார்பு தனி, தொடை தனி என்று வெட்டி, அலுமினியத் தாளில் சுற்றிக் குளிர்ப்பெட்டிக்குள் வைப்போம். ஒரு துண்டு வெட்டியதும் கத்தரியைத் துடைத்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடலாம். இல்லாவிட்டால் அஞ்சலையின் முழங்கையில் இருக்கும் மருந்து, அவளோடு களையெடுக்கும் காமாட்சியின் கணக்கில் ஏறிவிடும்.

கால் கழுவுவது என் வேலை. பிளாஸ்டிக் தொட்டிக்கு முன்னால் நான் மண்டியிட்டு உட்கார, அவர்கள் ஸ்டூலில் உட்கார்ந்து காலை நீட்டுவார்கள். அதற்கு எத்தனை கூச்சம்!

"ஐயோ, நீ எங்கால தொடுறதா? எம் மாமியாரே தொட்டதில்ல" என்றாள் அஞ்சலை.

"உம் மாமியா உயிரோட இருந்தா இப்போ வந்து தொடச் சொல்லுவேன்" என்றேன்.

"அவ வந்தா கால ஒடச்சுட்டுத்தான் போவா."

எல்லோரும் சிரித்தோம். ஆய்வு சுமுகமாக நடந்தது. ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த அளவுகளும் குறைவாகவே இருந்தன, காலில் குறிப்பாக மிகக் குறைவு. கம்பெனியிலிருந்து வந்து எங்களோடே இருந்த ஆளுக்கு வாயெல்லாம் பல். "மறுநாளே இறங்கலாம்னு லேபிள்ல போட்டுடலாம் சார்" என்றார். காதர் சார் கண்ணாடியைத் துடைத்தார். எனக்கு அப்போதே ஏதோ ஒரு உறுத்தல். ஆனால் எது என்று பிடிபடவில்லை.

அளவெடுப்பு முடிந்தாலும் அந்த நிலத்துக்கு இன்னொரு தடவை மருந்து அடிக்க வேண்டியிருந்தது. விளைச்சலில் மருந்து எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்ப்பதற்காக. அடித்த மறுநாள் களையெடுக்க அதே பெண்கள் இறங்கினார்கள். இந்தத் தடவை வெள்ளைத் துணி இல்லை, கழுவல் இல்லை. நான் வேறொரு ஊரில் இருந்தேன். மத்தியானம் காமாட்சி போன் செய்தாள். அவள் குரலே சரியில்லை.

"அக்கா, அஞ்சலைக்கு இன்னாவோ ஆயிடுச்சுக்கா. வாய்ல தண்ணி தண்ணியா ஊத்துது. வேர்த்துக் கொட்டுது. கண்ணு தெரியலங்குறா. புதுச்சேரிக்குத் தூக்கிட்டு வந்துட்டோம்."

பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேனே தவிர, என் கால் நிற்கவில்லை. வழி நெடுகத் தரையை உதைத்துக்கொண்டே வந்தது. மருத்துவமனையில் போய் நின்றபோது அஞ்சலை ஒரு தள்ளுகட்டிலில் கிடந்தாள். சேலையெல்லாம் நனைந்திருந்தது. தொடைச் சதை தானாகத் துடித்துக்கொண்டிருந்தது. இளம் மருத்துவர் ஒருவர், எந்த ஊர் என்று கேட்டிருக்கிறார். மரக்காணம் பக்கம் என்றதும் அடுத்த கேள்வி, சாராயம் ஏதாவது குடித்தாரா என்பது. எங்கள் கடற்கரையில் நடந்த கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு யாராக இருந்தாலும் அதைத்தான் முதலில் கேட்பார்கள், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் அரை நினைவில் கிடந்த அஞ்சலைக்கு அது காதில் விழுந்துவிட்டது.

"நானு… சாராயமா… லூர்து, நீ சொல்லுடி" என்று குழறினாள். எச்சில் வழிந்துகொண்டே இருந்தது.

நான் மருந்தின் பேரைச் சொன்னேன், எந்த வகை மருந்து என்று சொன்னேன். மருத்துவர் டார்ச் அடித்து அவள் கண்ணைப் பார்த்தார். கண்மணி கடுகு அளவுக்குச் சுருங்கியிருந்தது. அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஊசி போட்டார்கள். உடம்பில் இருக்கும் மருந்தைக் கழுவ வேண்டும் என்று நர்ஸம்மா சோப்பும் தண்ணீரும் கொண்டுவந்தார். என்னிடம் கையுறை கொடுத்து, காலை நீங்கள் பாருங்கள் என்றார்.

நான் அவள் காலில் தண்ணீர் ஊற்றினேன். தண்ணீர் பரவவில்லை. முத்து முத்தாகத் திரண்டு உருண்டு ஓடியது. குனிந்தேன். புங்க எண்ணெய் வாசனை. அதற்குள்ளிருந்து, நான் நன்றாக அறிந்த அந்த மருந்தின் நெடி. சோப்பைத் தேய்க்கத் தேய்க்க எண்ணெய் வழுக்கிக்கொண்டே வந்தது. மற்றவர்களைவிட ஆழமாக வெடித்த அவள் குதிகாலின் ஒவ்வொரு பாளத்துக்குள்ளும் எண்ணெய் இறங்கியிருந்தது. எண்ணெய் இறங்கிய இடத்தில் எல்லாம் மருந்தும் இறங்கியிருந்தது.

அப்போதுதான் எனக்கு உறுத்தியது எதுவென்று விளங்கியது. ஆய்வு நாட்களில் நான் கழுவிய ஒரு காலில்கூட எண்ணெய் இல்லை.

வெளியே வந்து காமாட்சியைக் கேட்டேன். "நீங்க எப்பவுமே கால்ல எண்ணெ போடுவீங்களா?"

"போடாம? உப்புத் தண்ணில நின்ன காலுக்கா. எண்ணெ போடலன்னா மண்ணு பட்டாலே உயிரு போவும்."

"அப்போ நாங்க வந்தப்ப ஏன் போடல?"

காமாட்சி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "இன்னாக்கா கேள்வி இது? ஆபீஸ் ஆளுங்க வந்து கால தொட்டுக் கழுவுறீங்க. எண்ணெப் பிசுக்கோட கால நீட்டுனா நல்லாவா இருக்கும்? முந்துன நாளே சீவக்காப் போட்டுத் தேச்சுக் கழுவிட்டு வந்தோம். நோவத்தான் செஞ்சுது. சும்மா நாலு நாளுதானேன்னு பொறுத்துக்கிட்டோம்."

எங்களுக்கு மரியாதை செய்திருக்கிறார்கள். அந்த மரியாதையைத்தான் நாங்கள் பாட்டிலில் பிடித்து, அளந்து, குறைவு என்று எழுதிவிட்டோம்.

காதர் சாரிடம் போனேன். நான் வாயைத் திறந்ததுமே அந்தக் கேள்வி வந்தது. அழுகை முட்டிக்கொண்டிருந்தாலும் பழக்கம் விடவில்லை, பிரித்தே சொன்னேன். "சார், எண்ணெய நான் பாத்தேன். டெஸ்ட் அன்னிக்கு ஏன் பூசலன்னு காமாட்சி சொன்னத கேட்டேன். எண்ணெயாலதான் மருந்து இவ்ளோ ஏறிச்சுன்னு நெனைக்கிறேன்."

அவர் கண்ணாடியைத் தொடவில்லை. "லூர்தும்மா, நெனச்சத பாத்ததா மாத்தணும். ஆனா இன்னொரு மனுஷக் கால்ல மாத்தக் கூடாது" என்றார்.

அடுத்து அவர் செய்ததை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை, நான் படித்த புத்தகங்களும் குறைவுதான். நிலத்தின் மூலையில் ஒரு துண்டுக்கு மட்டும் மருந்து அடிக்கச் சொன்னார். மறுநாள் காலையில் முழங்கால் வரை வருகிற ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டார். பூட்ஸுக்கு மேல் வெள்ளைப் பருத்தித் துணியைச் சுற்றச் சொன்னார். ஒரு காலில் வெறும் துணி. இன்னொரு காலில் புங்க எண்ணெய் தடவிய துணி. பனி காயாத செடிகளுக்கு நடுவே, களையெடுக்கிற பெண்கள் நகர்கிற மாதிரியே குந்திக் குந்தி நகர்ந்தார். வயசான மனிதர், மூச்சு வாங்கியது. செடி வரிசையின் கடைசிக்குப் போனதும் நான் துணிகளைத் தனித்தனியாக வெட்டி எடுத்தேன். திரும்பி வரும்போது எண்ணெய்த் துணியைக் கால் மாற்றிக் கட்டச் சொன்னார்.

"எதுக்கு சார் மாத்தணும்?"

"ஒரு கால நான் கொஞ்சம் இழுத்து நடப்பேன். இழுக்குற காலு செடில அதிகம் ஒரசும். அந்தப் பழிய எண்ணெ மேல போடக் கூடாதில்ல?"

கம்பெனி ஆள் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "சார், இந்தப் பூட்ஸ் டெஸ்ட் எந்த கைட்லைன்ல இருக்குது?"

"எதுலயும் இல்லப்பா. அதான் நானே குந்திக்கிட்டு இருக்கேன்."

"அந்தம்மா வெயில்ல மயங்கியிருக்கலாம் சார். இந்த டெஸ்ட்ட ரிப்போர்ட்ல சேத்தா எங்க ஆளுங்க இனிமே உங்ககிட்ட வேலையே குடுக்க மாட்டாங்க."

"இருக்கலாம்" என்றார் காதர் சார். எதற்குச் சொன்னார் என்று தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் சேர்த்தும் இருக்கலாம்.

ஆய்வுக்கூடத்திலிருந்து பதில் வரும் வரைக்கும் எனக்கு இரண்டு பக்கமும் பயம். என் நினைப்பு தப்பாக இருந்தால், ஒரு நல்ல மனிதரைச் சிக்கலில் மாட்டிவிட்டவள் ஆவேன். சரியாக இருந்தால், இந்தக் கடற்கரையில் எண்ணெய் பூசிக்கொண்டு வயலில் இறங்குகிற அத்தனை பேரையும் நினைத்துப் பயப்பட வேண்டும். எது வேண்டும் என்று ஜெபிப்பது? சிலுவை மட்டும் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவேன்.

நினைப்பு சரியாகத்தான் இருந்தது. எந்தக் காலில் கட்டினாலும் எண்ணெய்த் துணி, வெறும் துணியைவிடப் பல மடங்கு மருந்தை வாரிக்கொண்டிருந்தது. காதர் சார் அதை அறிக்கையில் சேர்த்தார். நாங்கள் அளந்த கால்கள் இந்த மக்களின் அன்றாடக் கால்கள் இல்லை என்றும், மறுநாள் இறங்கலாம் என்பதற்கு இந்த அளவுகளை நம்பக் கூடாது என்றும் தெளிவாக எழுதினார். எழுதி முடித்துவிட்டு, "வேல போனா எங்கூட வண்டில வந்துடு, கோட்டக்குப்பத்துல பிரியாணிக் கடை போடலாம்" என்றார். அவர் அடித்து நான் கேட்ட ஒரே ஜோக்.

கம்பெனித் தரப்பில் வேறு ஒரு யோசனை சொன்னார்கள். 'காலில் எண்ணெய் பூசக் கூடாது' என்று லேபிளில் ஒரு வரி போட்டுவிட்டால் போதாதா? நான் அதை அஞ்சலையிடம் போய்ச் சொன்னேன். அவள் பிழைத்து வீட்டுக்கு வந்திருந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

"யாரு சொன்னது? அவர இங்க கூட்டியாயேன்" என்றாள். "ஒரே ஒரு நாளு எண்ணெ இல்லாம எங்கூட பாத்தில வந்து நிக்கச் சொல்லு. சாயங்காலம் அவரே வந்து எண்ணெ கேப்பாரு. இத்துனூண்டு தரேன், பாவம்."

அதை அப்படியே காதர் சாரிடம் சொன்னேன். இது 'கேட்டது' என்று சொல்லித்தான் சொன்னேன். அவர் அந்த யோசனையை ஏற்கவில்லை. நெடுநாள் இழுபறிக்குப் பிறகு அனுமதி வந்தபோது, மருந்து அடித்த மறுநாள் என்பது போய், பல நாள் கழித்துத்தான் வயலில் இறங்கலாம் என்று வந்தது. எங்களுக்கு வேலையும் போகவில்லை. அந்தக் கம்பெனி மட்டும் திரும்ப வரவில்லை.

அஞ்சலைக்கு இரண்டு கால்களின் விரல்களிலும் உணர்ச்சி திரும்பவே இல்லை. உப்பளத்தில் கிளிஞ்சல் குத்தினால் அவளுக்குத் தெரியாது. பாத்தித் தண்ணீர் சிவந்தால்தான் தெரியும். "வலிக்காத காலு எவளுக்குடி கெடைக்கும்? குடுத்து வெச்சவ நானு" என்று சிரிப்பாள். நான் சிரித்ததில்லை.

இதெல்லாம் எழுதி முடித்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பவித்ரா கூப்பிட்ட நாளில் போனேன். ட்ரோன் முந்தின நாளே மருந்து அடித்துவிட்டுப் போயிருந்தது. கூடாரம் போட்டிருந்தார்கள். புது மாதிரி குளிர்ப்பெட்டி, நல்ல கத்தரிகள். பவித்ராவின் ஆட்கள் எல்லாவற்றையும் சுத்தமாகச் செய்தார்கள், எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. களையெடுக்க வந்த பெண்கள் வரிசையாக நின்றார்கள். எல்லாம் உப்பளத்து முகங்கள். அதில் எனக்குத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. எல்லோரும் தலை வாரி, பூ வைத்திருந்தார்கள்.

என் கண் தானாகக் கீழே போனது. முன்னால் நின்றவள் சட்டென்று சேலையை இழுத்துக் காலை மூடினாள்.

"எண்ணெ போட்டிருக்கியாம்மா?" என்று கேட்டேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. குறை சொல்லத்தான் வந்தேன் என்று நினைத்திருப்பாள் போலும். சேலையை விலக்கிக் காலைக் காட்டினாள். வெடித்த குதிகால், வெளுத்து, காகிதம் மாதிரி காய்ந்திருந்தது.

"இல்லக்கா, நல்லா தேச்சுக் கழுவிட்டுத்தான் வந்தோம். ஆபீஸ்காரங்க வர்றாங்கன்னு சொன்னாங்கல்ல?"

பையிலிருந்த காகிதத்தை நான் எடுக்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். பவித்ரா முதல் வெள்ளைச் சட்டையைப் பிரித்துக் கையில் வைத்திருந்தாள்.

"பவித்ரா" என்றேன், "அத மடிச்சு வெச்சுட்டு இங்க வாம்மா. இன்னிக்கு யாரும் வயல்ல எறங்க வேணாம்."